ஒரு மணி நேரப் புத்தகங்கள்

நான்கு ஆண்டு உட்கார்ந்து வரைந்த புத்தகத்தை நாற்பது நிமிடத்தில் முடித்துவிட முடிகிறது. ஷான் டான் வரைந்த ‘தி அரைவல்’ அப்படிப்பட்டது. 2006இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த இந்தக் கிராஃபிக் நாவலுக்குள் வாசிப்பதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது. நூற்றுச் சொச்சம் பக்கமும் பென்சில் ஓவியம்தான். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு ஒருவன் கப்பலேறுகிறான். பெயர் தெரியாத நகரத்தில் இறங்கி அறை தேடுகிறான், வேலை தேடுகிறான், பிறகு குடும்பத்தை வரவழைத்துக்கொள்கிறான். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால் கதை விளங்கிவிடும். விளங்கிய பிறகுதான் எனக்குத் தொந்தரவு ஆரம்பிக்கிறது. கதை விளங்கியதும் புத்தகத்தைப் படித்ததும் ஒன்றா? ஜேஸன் லூட்ஸ் தன் ‘பெர்லின்’ கிராஃபிக் நாவலை 1996இல் தொடங்கி 2018இல்தான் முடித்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய சில ஆண்டுகளின் நகரத்தைத் தெருத் தெருவாக 22 இதழ்களில் வரைந்திருக்கிறார். ஒரு சனி, ஞாயிறு கிடைத்தால் போதும், படித்து மூடிவிடலாம். நாவலும் அப்படித்தானே, பத்து வருடம் எழுதியதை மூன்று நாளில் படிக்கிறோமே என்று கேட்பார்கள். நாவலில் எழுதியவர் வைத்த ஒவ்வொரு சொல்லின் மீதும் கண் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். தாண்டிக் குதித்தால், குதித்தோம் என்று மனசுக்குத் தெரியும். சித்திரத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு கட்டத்தை அரை நொடி பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று முழு மனதோடு சொல்லலாம். அது பொய்யும் ஆகாது. எவ்வளவு நேரம் பார்த்தால் பார்த்ததாகும் என்பதை அந்தப் பக்கம் சொல்வதே இல்லை. புதிதாக ஒரு கிராஃபிக் நாவல் கைக்கு வரும்போதெல்லாம் முதலில் சந்தோஷமும் அடுத்து இந்தச் சங்கடமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

புத்தகக் கடைகளில் கிராஃபிக் நாவல்களைக் கண்ணாடித்தாள் சுற்றி வைத்திருக்கிறார்கள். மற்ற புத்தகங்களைப் பிரித்துப் பார்க்கலாம். இவற்றின் முன்னட்டையையும் பின்னட்டையையும் திருப்பிப் பார்ப்பதோடு சரி. ஏன் இப்படி என்று ஒரு கடையில் கேட்டேன். “பிரிச்சு வெச்சா நின்னுக்கிட்டே படிச்சு முடிச்சிட்டுப் போயிடறாங்க சார்” என்றார் கல்லாவில் இருந்தவர். அவருடைய கணக்கும் என்னுடைய சங்கடமும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. ஆயிரத்தைந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற பொருளை எதற்காக வாங்க வேண்டும்? என்னளவில் ஒரு பதில் உண்டு. பழக்கமில்லாத ஓவியர் ஒருவரின் முதல் நாலைந்து பக்கங்களில் கண்ணுக்கு நேரும் தடுமாற்றத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறேன். இவர் மழையை எப்படி வரைவார், பேச்சில்லாத இடத்துக்கு எவ்வளவு வெள்ளை விடுவார், மேல் வரிசை முடிந்ததும் கண் எங்கே இறங்க வேண்டும் என்று எதுவுமே தெரியாது. எழுத்தில் இந்த அனுபவம் அபூர்வம். எவ்வளவு புதுமையான தமிழ் நாவலாக இருந்தாலும் அதே 247 எழுத்துகள்தான். ஓவியர்கள் ஆளுக்கொரு அரிச்சுவடியோடு வருகிறார்கள். எமில் ஃபெரிஸ் 2017இல் கொண்டுவந்த ‘மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ்’, 1960களின் கடைசியில் சிகாகோவில் வாழும் ஒரு சிறுமியின் நோட்டுப் புத்தகம் போல, கோடு போட்ட தாளில் பால்பாயிண்ட் பேனாவால் வரையப்பட்டது. பள்ளிக்கூடத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாமெல்லாம் கிறுக்கிய அதே பேனா. நாற்பது வயதில் வெஸ்ட் நைல் வைரஸ் தாக்கிக் கைகால் முடங்கி, பேனாவைக் கையோடு சேர்த்து ஒட்டிக்கொண்டு மறுபடி வரையப் பழகியவர் ஃபெரிஸ். ஒரு முகத்தின் கன்னத்து நிழலுக்கு எத்தனை எத்தனை கோடுகள்! ஆரம்பப் பக்கங்களில் அந்தக் கோடுகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பேன். ஐம்பதாம் பக்கம் வருவதற்குள் கண் பழகிவிடும், அரிச்சுவடி மனப்பாடமாகிவிடும், கதை கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். பிறகு முகங்கள்தான் தெரியும், கோடுகள் தெரியாது. எதற்காகப் புத்தகத்தை வாங்கினேனோ அது பழக்கத்தில் கரைந்துபோகிறது. இதைத் தேர்ச்சி என்பதா, இழப்பு என்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

‘தி அரைவல்’ முதல் பக்கத்தில் ஒன்பது சிறு கட்டங்கள். காகிதத்தில் மடித்த பறவை, கடிகாரம், மாட்டிவைத்த தொப்பி, சமையல் பாத்திரம், குழந்தை வரைந்த படம், தேநீர்க் கெட்டில், கோப்பை, பெட்டி, குடும்பப் புகைப்படம். புறப்படப்போகிறவனின் வீடு இவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தின் வாசலில் புது ஊரில் அவன் அமைத்துக்கொண்ட வீட்டின் பொருள்கள் அதே போலக் கட்டங்களாக வருகின்றன. பறவை வேறு, பாத்திரம் வேறு, கடிகாரமே வேறு விதம். அடுக்கு மட்டும் அதே அடுக்கு. முதல் பக்கத்தில் நிற்காமல் போனவருக்கு இந்தப் பக்கமும் ஏதோ சாமான்களின் படமாகத்தான் தெரியும். ஒரு மனிதன் இடம்பெயர்ந்து வேரூன்றியதன் முழு வரலாறும் அந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இருக்கிறது. அதைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லி எந்த அம்புக்குறியும் கிடையாது. டானின் அப்பா மலேசியாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்து குடியேறியவர். கப்பல் பயணத்தை டான் கப்பலையும் கடலையும் காட்டியதோடு முடித்துக்கொள்ளவில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் அறுபது சின்னச் சதுரங்கள், அறுபதிலும் மேகம். கலைந்த மேகம், கனத்த மேகம், இருட்டிக்கொண்டு வரும் மேகம். ஒன்று போல இன்னொன்று இல்லை. நாட்கள் ஓடின என்று அரை நொடியில் பொருள் செய்துகொண்டு போய்விடலாம். பொருள் சரிதான். ஆனால் கப்பல் தட்டில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த நாட்கள் அரை நொடியில் ஓடவில்லை. மேகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினால் பத்தாவது சதுரத்திலேயே பொறுமை போகிறது. போகட்டும் என்றுதான் அவர் அறுபது வரைந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தச் சலிப்பில் ஒரு துளியையாவது வாங்கிக்கொள்ளாமல் புது நகரத்தில் அவனோடு இறங்குவதற்கு நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

என் தாய்மாமா ஒருவர் ஃபிளெக்ஸ் பேனர் வரும்வரை போர்டு எழுதிப் பிழைத்தவர். கட்சிக் கூட்டத்துக்குத் தலைவர் படம், கடை வாசலுக்குப் பெயர்ப்பலகை, லாரியின் பின்பக்கத்துக்குக் கழுகு என்று எல்லாம் வரைந்திருக்கிறார். கதைப் புத்தகம் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. மேகப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனார்; ஜன்னல் பக்கம் சாய்த்தார்; விரலைத் தாளில் படாமல் ஒரு மேகத்தின் மேல் ஓட்டிப் பார்த்தார். “மாப்ளே, இது பென்சில்தானே?” என்றார். “ஆமா மாமா.” “இந்த வெளுப்பைப் பாரு. இத வரைய முடியாது. மொதல்ல பூரா தேச்சுட்டு அப்புறம் ரப்பர் வெச்சு எடுத்திருப்பான். அழுத்துனா தாள் பொசுங்கிரும், லேசா விட்டா அழுக்காத் தெரியும். கை ஒடுங்கி இருக்கணும்.” அடுத்த பக்கம் பாருங்கள் என்றேன். இருக்கட்டும் என்றார். வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தார். கதை என்ன என்று கேட்கவே இல்லை. இந்தப் புத்தகம் இவருக்காகத்தான் வரையப்பட்டிருக்கிறது என்று அப்போது நெகிழ்ந்துபோனேன். பிறகு யோசிக்க யோசிக்க அதிலும் சந்தேகம் வந்தது. மாமா பார்த்தது அறுபது மேகங்களை. ஒவ்வொன்றும் அவருக்குத் தனி வேலை, தனிக் கைத்திறன். அவற்றினூடே ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. சுவரில் மாட்டிய ஓவியம் நின்று பார்க்கச் சொல்லும். சித்திரக்கதையின் பக்கம் நிற்கவும் சொல்கிறது, அதே மூச்சில் நகரவும் சொல்கிறது. அச்செழுத்தில் ஊறிய என் கண்ணுக்கு நகரத்தான் தெரியும். மாமாவின் கண்ணுக்கு நிற்கத்தான் தெரியும். இரண்டும் தெரிந்த கண்ணை எங்கே போய்ப் பெறுவது?

நகர்கிற கண்ணைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஓட்டத்தின் ருசி தெரியும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 முதல் வந்த தொடர் அது. வலது கைக்குப் பதிலாக இரும்புக்கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டெலின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், கை மட்டும் தெரியும். இதை வரையச் சொன்னால் எப்படி வரைவது? கதாநாயகனே கண்ணுக்குத் தெரியாத கதை. கட்டத்துக்குள் இருப்பது அந்தரத்தில் ஒரு கை. கதவைத் திறக்கிறது, துப்பாக்கியைப் பற்றுகிறது. அந்தக் கைக்குப் பின்னால் இருக்கிற தோளையும், ஓடிவந்த மூச்சிரைப்பையும், திரும்பிப் பார்க்கிற முகத்தையும் யார் வரைந்தது? ஊர்ப்புறத்து வாடகை நூல்நிலையத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பையன்தான் வரைந்தான். காமிக்ஸில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் வாசகரும் வேலை செய்கிறார் என்பதை ஸ்காட் மெக்ளவுட் 1993இல் ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ என்ற நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். கோடரி ஓங்கிய கை ஒரு கட்டத்தில். நகரத்தின் இரவில் அலறல் சத்தம் அடுத்த கட்டத்தில். வெட்டு விழுந்தது இரண்டுக்கும் நடுவில், வாசகரின் மனதில். மாயாவி வாசகர்கள் அதற்கு இருபது ஆண்டு முன்பிருந்தே வெற்றிடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதுவும் இடைவெளியில் மட்டுமல்ல, கட்டத்துக்கு உள்ளேயே. அந்த நிரப்புதலுக்கு ஓட்டம் வேண்டும். நின்று உற்றுப் பார்த்தால் அந்தரத்தில் மிதக்கும் கை வெறும் கையாகிவிடும், ஆள் உண்மையாகவே காணாமல் போய்விடுவான்.

அப்படியானால் மெதுவாகப் பார்க்க வேண்டும் என்று நான் தவிப்பது ஓவியரின் உழைப்புக்குச் செலுத்துகிற மரியாதை மட்டும்தானா? உழைப்புக்கு மரியாதை நல்ல குணம்தான், ஆனால் அதை ரசனை என்று சொல்லிவிட முடியாது. இன்னொரு விதமாகவும் இதைப் பார்க்கிறேன். ‘தினத்தந்தி’யில் 1960இல் தொடங்கிய படக்கதையான கன்னித்தீவு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டம்தான் வரும். சிந்துபாத் ஓங்கிய வாள் இறங்குவதற்கு மறுநாள் காலை ஆகும். அந்த இருபத்து நான்கு மணி நேரமும் அந்த வாள் டீக்கடையிலும் பேருந்திலும் வாசகரின் மனதுக்குள் ஓங்கியபடியே இருந்தது. வேகத்தைத் தீர்மானித்தது பத்திரிகை. மாத இதழும் வார இதழும் அப்படித்தான். பெர்லினை இதழ் இதழாக வாங்கிப் படித்தவர்கள் இருபத்திரண்டு ஆண்டு காத்திருந்தார்கள். அந்தப் பாத்திரங்கள் அவர்களோடு சேர்ந்து வயதான மாதிரிதான். தொகுத்த புத்தகமாக மொத்தமும் கையில் வந்து விழுகிறபோது அந்தக் காத்திருப்பு போய்விடுகிறது. கடிவாளம் வாசகர் கைக்கு மாறுகிறது. ஆக, ஒரு மணி நேரத்தில் முடிந்துபோவது சித்திரத்தின் குறை என்றோ வாசகரின் அவசரம் என்றோ மட்டும் சொல்லிவிட முடியாது. தொடராக வாழ்ந்த ஒரு வடிவம் நூலாகியபோது, காலத்தை யார் வைத்துக்கொள்வது என்ற பொறுப்பு ஆளில்லாமல் விடப்பட்டிருக்கிறது. கிராஃபிக் நாவல் வாசகர் அதைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜிரோ தனிகுச்சி 1990ஐ ஒட்டி வரைந்த ‘தி வாக்கிங் மேன்’ இந்தப் பொறுப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குக் கொஞ்சம் கற்றுக்கொடுத்தது. ஜப்பானியப் புறநகர் ஒன்றில் ஒரு மனிதர் நடக்கிறார். அவ்வளவுதான். மரத்தில் மாட்டிக்கொண்ட பொம்மை விமானத்தை எடுக்க மரமேறுகிறார், ஏறியவர் உடனே இறங்கிவிடாமல் அங்கேயே கொஞ்சம் இருக்கிறார். ஒரு நாள் மூக்குக்கண்ணாடி உடைந்துபோக, மங்கலாகிவிட்ட தெருக்களில் அப்படியே நடந்து போகிறார். ஒரு ராத்திரி ஆளில்லாத நீச்சல்குளத்தில் இறங்கி நீந்துகிறார். பேச்சு மிகக் குறைவு. ஓட்டு வீடுகளின் ஒவ்வொரு ஓடும், வேலியோரத்து ஒவ்வொரு இலையும் பொறுமையாக வரையப்பட்டிருக்கின்றன. எல்லா இலையையும் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் நடை நின்றுபோகும். நடந்து முடிப்பதற்காக ஓடினால் முடிவில் அடைவதற்கு ஒன்றுமில்லை. அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று கவனித்தேன். அவரும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. எங்கே மனம் தட்டுகிறதோ அங்கே நிற்கிறார். ஒரு பறவை, ஒரு சந்தின் வளைவு, பனி விழத் தொடங்குகிற கணம். மற்ற இடங்களில் நடக்கிறார். தட்டுகிற இடம் அவருக்கு முன்கூட்டியே தெரிவதில்லை. தட்டும்போது கடந்து போகாமல் இருக்கிறார், அதுதான் அவருடைய முழுக் கதையும். கடமைக்காக மெதுவாகப் பார்ப்பதற்கும் இப்படி நிற்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. முதலாவது களைப்பு தருகிறது. இரண்டாவதில் சில பக்கங்கள் வேகமாகவே போகின்றன, அதில் வருத்தமும் வருவதில்லை.

நிற்க வைப்பதற்கு ஓவியர்களும் வழி பார்க்கிறார்கள். அதில் நான் கண்டவரை மிகத் துணிச்சலானது ‘பீமாயணம்’. அம்பேத்கர் எழுதிய சுயசரிதைக் குறிப்புகளை ஒட்டி ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, துர்காபாய் வ்யாம், சுபாஷ் வ்யாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் இருவர் வரைந்து, 2011இல் நவயானா வெளியிட்டது, தமிழிலும் வந்தது. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்து வரைய அவர்கள் சம்மதிக்கவில்லை. உருவங்களுக்குத் திறந்த வெளி வேண்டும் என்றார்கள். எனவே பக்கங்களில் கட்டம் கிடையாது. அவர்கள் ஊர் வீட்டுச் சுவர்களிலும் தரையிலும் போடுகிற கோலத்தின் வளைகோடுகள்தான் பக்கத்தைப் பிரிக்கின்றன. கட்டம் கட்டமாகப் படித்துப் பழகிய கண் முதலில் வழி தெரியாமல் அலையும். பேச்சுக் குமிழ்களைப் பாருங்கள். பரிவான சொற்கள் பறவை வடிவக் குமிழில் வருகின்றன. சாதி பேசுகிற வாயிலிருந்து வரும் குமிழுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கிறது. மனதுக்குள் நினைப்பதற்கான குமிழில் ஒரு கண் இருக்கிறது. குமிழுக்குள் இருக்கும் வாக்கியத்தைப் படிக்க ஒரு நொடி போதும். ஆனால் அந்த வாக்கியம் கொட்டுகிறதா என்று அறியக் குமிழின் வாலைப் பார்க்க வேண்டும். பார்க்காதவருக்கு அந்தப் புத்தகத்தில் கிடைப்பது ஏற்கெனவே தெரிந்த அம்பேத்கர் வாழ்க்கைக் குறிப்பு. பார்க்கிறவருக்குத் தண்ணீர் கிடைக்கிறது. அதில் அம்பேத்கரின் கதை தாகத்தில் தவித்த பள்ளிச் சிறுவனில் தொடங்குகிறது. 1927 மகாடு சவுதார் குளப் போராட்டத்தில் அம்பேத்கர் பேசுகிற இடத்தில் ஒலிபெருக்கிகளிலிருந்து தண்ணீர் பூவாளியாய்க் கூட்டத்தின் மேல் தெறிக்கிறது. இதை எழுத்தில் சொன்னால் உவமை. அந்தப் பக்கத்தில் அது உவமையாக நிற்கவில்லை, நிகழ்ச்சியாகவே நடக்கிறது. அந்த வேறுபாட்டை நான் எவ்வளவு எழுதினாலும் பக்கத்தைத் திறந்து காட்டுவதற்கு ஈடாகாது.

இதுவரை சொன்னதெல்லாம் மகிழ்ச்சியின் கணக்கு. என் சங்கடத்தின் அடியாழம் வேறு இடத்தில் இருக்கிறது. வலியை வரைந்த பக்கத்தில் கண் எவ்வளவு நேரம் நிற்கலாம்? பதினைந்து வயதில் பிடித்துச் செல்லப்பட்டு, சீனாவில் ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமையாக்கப்பட்ட இ ஓக்-சுன் என்ற மூதாட்டியின் வாழ்க்கையைக் கொரிய ஓவியர் கும் சுக் ஜென்ட்ரி-கிம் 2017இல் கிராஃபிக் நாவலாக்கினார். ஆங்கிலத்தில் அது ‘கிராஸ்’. தூரிகையின் கறுப்பு மையில் மரங்களும் காற்றும் புல்லும் அப்படி ஒரு அழகு. அந்த வன்முறை நேர்கிற இடத்தில் ஓவியர் எதையும் காட்டுவதில்லை. கட்டங்கள் கறுப்பாகின்றன. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத இருட்டு. கண்ணை அங்கே அவரே தடுத்துவிடுகிறார். நம்மைப் பார்வையாளர்களாக உட்காரவைக்க அவருக்கு விருப்பமில்லை. 2019இல் வந்த ‘வன்னி’யில் வேறு விதம். பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொல்லாக் வரைந்தது. டிக்ஸ் ஐ.நா. ஊழியராக இலங்கையின் வன்னியில் இருந்தவர். 2008 செப்டம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் வந்து மன்றாடினார்கள். அடுத்த சில மாதங்களில் அந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை, உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களிலிருந்து, கற்பனையான குடும்பங்களின் கதையாக இந்தப் புத்தகம் சொல்கிறது. 2009இன் போர்ப் புகைப்படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். சுவரொட்டியிலும் குறுந்தகட்டிலும் கைபேசியிலும் பார்த்தோம், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். வரைந்த பதுங்குகுழியிலிருந்து முகத்தைத் திருப்பாமல் இருக்க முடிகிறது. ஏன் முடிகிறது? எனக்கு முன்னால் ஒருவர் அந்தப் பதுங்குகுழியின் முன் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், அவர் தாங்கியதில் ஒரு பங்கை நானும் தாங்கலாம் என்பதாலா? அல்லது கோடுகள் வலியின் முனையை மழுக்கிவிட்டதாலா? பதுங்குகுழியின் மண்சுவர் எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று மாமாவின் கண்ணால் ஒரு கணம் பார்த்தேன். அடுத்த கணம் உடம்பு கூசியது. ஆனாலும் அந்த மண்சுவர் நன்றாக வரையப்படாமல் இருந்திருந்தால் அங்கே நின்றிருக்கவே மாட்டேன், குழிக்குள் இருக்கிற பிள்ளையின் முகத்தையும் பார்த்திருக்க மாட்டேன். இந்த இரண்டையும் சமாதானப்படுத்த எனக்குத் தெரியவில்லை. கறுப்புக் கட்டமும் சரி, மண்சுவரும் சரி. ஓவியர் எங்கே நம் கண்ணை நிறுத்துகிறார், எங்கே தடுக்கிறார் என்பதில்தான் அந்தப் புத்தகத்தின் அறம் இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிகிறது. கதைச் சுருக்கத்தில் அந்த அறம் அகப்படாது.

நம்மிடையே கிராஃபிக் நாவல்களைப் பற்றி எழுதப்படுகிற கட்டுரைகளில் பெரும்பாலும் அந்தச் சுருக்கம்தான் இருக்கிறது. எந்த நாட்டு அரசியல், என்ன கதை, எவ்வளவு முக்கியமான ஆவணம் என்று நிறைய எழுதுகிறோம். கோடு எப்படி இருந்தது என்று ஒரு வரி இருக்காது. வரைந்தவரின் பெயரே கடைசியில் போகிற போக்கில் வரும், சில சமயம் வராது. இந்த விஷயத்தில் சிறுபத்திரிகை வாசகர்களைவிட லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் பல படி மேலே இருக்கிறார்கள். கேப்டன் டைகர் கதைகளின் பாலைவனத்தை வரைந்தவர் ஜான் ஜிரோ என்றும், அவரே மொபியஸ் என்ற பெயரில் முற்றிலும் வேறு கோட்டில் வரைந்தார் என்றும் அவர்களுக்குத் தெரியும். டெக்ஸ் வில்லர் கதை ஒன்றில் ஓவியர் மாறினால் குதிரையின் காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவர்கள் உண்டு. பெரிய அளவு வண்ணப் பக்கங்களைச் சுருக்கிச் சாணித்தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துத் தந்த காலத்திலேயே கண்ணைத் தீட்டிக்கொண்டவர்கள் அவர்கள். தீவிர இலக்கியம் படிக்கிற நாம் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாக்காரர், 1919இல் பிறந்து 1995இல் மறைந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியர்களின் பெயரைப் போடுவதில்லை. அதனால் நமக்கும் வந்து சேரவில்லை. அந்தரத்தில் ஒரு கையை மட்டும் வரைந்து ஒரு முழு ஆளை லட்சக்கணக்கான பிள்ளைகளின் மனதில் நிற்கவைத்தவரின் பெயரைத் தெரிந்துகொள்ளாமலே இரண்டு தலைமுறை இங்கே வளர்ந்திருக்கிறது. கிராஃபிக் நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரைந்தவரின் பெயரை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஒரே ஒரு கட்டத்தையாவது எடுத்துக்கொண்டு, அதில் உங்கள் கண் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று சொல்லுங்கள். பத்திரிகை ஆசிரியர்கள் அந்தக் கட்டத்தை, அனுமதி பெற்று, வாசகர் பார்க்கிற அளவில் அச்சிடட்டும்.